கூரை மேல் சம்பந்தி

எண்ணூர் பக்கம் ஒரு பெரிய குடோன் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே தகடு போட்டு முடிந்ததும் கட்டர் வேலை எங்களுக்கு வந்தது. கூரை ஓரத்தில் ஓடி, மழைத்தண்ணீரை வாங்கிக்கொள்கிற நீளத் தகரத் தொட்டியைத்தான் கட்டர் என்போம். அதிலிருந்து சுவரை ஒட்டித் தரைக்கு இறங்குவது டவுன் பைப், அதைச் சுவரோடு பிடித்துக்கொள்வது கிளாம்ப்.

எங்களுக்கு என்றால் எனக்கும் பாய்க்கும். பாய் வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் தண்டையார்பேட்டை. எங்கள் பக்கத்துக் கூரைகளில் நாங்கள் சேர்ந்து ஏறாதது குறைவு.

அன்று காலையிலிருந்தே பாய் ஒரு நிலையில் இல்லை. சாயந்திரம் அவர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குடும்பம், பையனுக்குத் துறைமுகத்தில் வேலை. லீவு போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"வூட்ல இருந்தா பொம்பளைங்க நம்மள நாற்காலி தூக்க வுடுவாங்க மாமு. மத்தியானம் வரைக்கும் வேலை பாத்துட்டு எஸ்கேப் ஆயிடறேன்" என்றார்.

அந்த சைட்டில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தார். வியாசர்பாடிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் மேடம் என்போம், அவர் எங்களை அண்ணா என்பார். கூரை முகட்டில் இரும்புக் கம்பிக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்ட வைத்திருந்தார். இடுப்பு பெல்ட்டின் நீளக் கயிற்றுக் கொக்கியை அதில் மாட்டி, ஒரு தடவை இழுத்துக் காட்டினால்தான் அவர் கண் எங்களை விட்டு நகரும்.

சாரத்தில் ஏறித்தான் மேலே போயிருந்தோம். முன்பக்கத்துக் கட்டரை முடித்துவிட்டு, முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனோம். தண்ணீர் வழிந்தோட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு கோடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் எங்கும் தேங்காமல் மறு கோடிக்கு ஓடி, பைப்புக்குள் குளுகுளுவென்று இறங்கியது. பாய்க்கு அந்தச் சத்தம் உயிர். "கேட்டியா? பாடிகினு போவுது" என்றார்.

மத்தியானம் தாண்டியிருந்தது. சந்தோஷமாக முன்பக்கம் திரும்பி வந்தால் சாரத்தின் தலை தெரியவில்லை.

"மாமு, சாரம் இன்னாச்சு?"

"எங்க போவப்போவுது பாய்?" என்று எட்டிப் பார்த்தேன். போயிருந்தது. கீழே பூச்சுக்காரர்கள் மூங்கில்களையும் பலகைகளையும் பக்கத்துச் சுவருக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட கூச்சலில் பூச்சு மேஸ்திரி நிமிர்ந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"மேல வேலை முடிஞ்சிட்ச்சினு சொன்னாங்களேப்பா!"

யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. சைட்டில் இருந்த ஏணி சுவரில் பாதிக்கு வந்தது. அதற்குள் கீழே கூட்டம் கூடிவிட்டது, ஆளுக்கு ஒரு யோசனை. கிரேன் டிரைவர், "சிமெண்ட் தொட்டிய கொக்கில மாட்டி அனுப்பறேன், ஏறி குந்துங்க பாய். பூ மாதிரி எறக்கி வுடறேன்" என்றார். பாய் ஒரு காலை எடுத்தே விட்டார்.

மேடம் ஓடி வந்து கிரேனுக்குக் குறுக்கே நின்றார். "அது கலவை தூக்கற தொட்டி. மனுசன தூக்கறதுக்கு இல்ல. வண்டிய எடு மொதல்ல." பிறகு எங்களைப் பார்த்து, "அண்ணா, கொக்கிய கழட்டாம அப்படியே குந்துங்க. சாரம் திரும்பக் கட்டி, நான் ஏறிப் பாத்தப்புறம்தான் எறங்கணும்" என்றார்.

முகட்டில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் கடல், முகத்துவாரம், புகைபோக்கிகள், ரோட்டில் எறும்பு போல் கண்டெய்னர் லாரிகள். காற்று நன்றாக வீசியது. பாய் வீட்டுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அவர் மனைவி கத்தியது எனக்கே கேட்டது.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "பொண்ணு போயிட்டா வூட்ல நான் யார்கூட மாமு சண்ட போடுவேன்?" என்றார். "மாப்ள வருவான்ல பாய், அவன்கூட போடு" என்றேன். சிரித்தார்.

சிரித்த வேகத்திலேயே எழுந்து ஓரத்துக்குப் போய் டவுன் பைப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "நாம அடிச்ச கிளாம்ப்புதானே, கின்னுனு கீது. சர்ருனு எறங்கிடவா?"

"தண்ணி எறங்க அடிச்சது பாய். உன்ன தாங்க அடிக்கல."

அந்த நேரத்தில்தான் கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. பாயின் மனைவி, அவர் எண்ணூர் குடோன் கூரையில் மாட்டிக்கொண்டதைச் சொல்லி, தாமதமாகும் என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் செய்திருக்கிறார். அவர்கள் அப்போது எங்கள் ரோட்டில்தான் வந்துகொண்டிருந்தார்கள். இறங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடது காலை லேசாக இழுத்து நடந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி!" என்று கீழிருந்து குரல் கொடுத்தார்.

பாய் உரக்கப் பதில் சலாம் சொல்லிவிட்டு, "இன்னும் முடிவே ஆவல, அதுக்குள்ள சம்பந்தின்றாரு" என்று என் காதில் முணுமுணுத்தார்.

"கைய பைப்புலேந்து எடுங்க!" என்றார் அவர். சிரிப்பில்லாத குரல். "கப்பல் வேலையில நானும் ஒரு நாளு அவசரப்பட்டேன். ஏணி எடுத்துனு வர்றதுக்குள்ள குதிச்சேன். இந்தக் கால பாத்தீங்கல்ல? மாசக்கணக்கா படுத்துகினு கெடந்தேன். நிதானமா எறங்குங்க. நாங்க காத்துகினு இருக்கோம்."

பாய் கையை எடுத்தார். நல்ல பிள்ளை போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நாங்கள் வெயிலில் இருக்கிறோமே என்று, பெண் வீட்டுக்கு வாங்கி வந்த பால்கோவாவைப் பிரித்து, நாங்கள் சாமான் ஏற்றுகிற கயிற்றில் ஒரு பையைக் கட்டச் சொன்னார் மாப்பிள்ளையின் அப்பா. பாய்க்கு மானம் போயிற்று. "வேணாங்க! பொண்ணு வூட்டுக்காரங்க நாங்கதான் மொதல்ல குடுக்கணும்!" என்று மேலிருந்து கத்தினார். "வூட்டுக்கு வந்து ரெண்டு மடங்கா சாப்டுக்கறேன், இழுங்க!" என்று அவர் கீழிருந்து கத்தினார். பை பாதிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேடம்தான் முடித்துவைத்தார். "யாரு குடுத்தா இன்னா? கொக்கி மாட்டிகினே சாப்பிடுங்க, அவ்ளோதான்."

சாப்பிட்டோம். நல்ல பால்கோவா.

சாரம் மறுபடி எழும்ப நேரம் பிடித்தது. வேன் முன்னால் வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பிப் போனது. மேடம் முதலில் ஏறினார். ஒவ்வொரு கட்டையும் பிடித்து உலுக்கி, சுவரோடு சேர்த்துக் கட்டிய இடங்களில் கை வைத்துப் பார்த்து, ஒரு பலகையை மாற்ற வைத்த பிறகே எங்களைக் கூப்பிட்டார். தொட்டித் தண்ணீரில் பாயை முகம் கழுவ வைத்து, என் பைக்கில் ஏற்றினேன். அவர் தாடியில் ஒட்டியிருந்த, கட்டர் மூட்டில் பூசுகிற சிலிகான் பசை மட்டும் வரவில்லை.

வீட்டு வாசலில் பாயின் பெண்ணே நின்றிருந்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "அத்தா, மாப்ளைய பாக்கறதுக்கு முன்னாடியே என் மாமனார பாத்துட்டியாமே!"

உள்ளே போனால், மாப்பிள்ளையின் அப்பா கூரையில் நடந்ததைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பமும் விழுந்து விழுந்து சிரித்தது. வழக்கமாகப் பெண் பார்க்கிற வீட்டில் இருக்கும் விறைப்பு அங்கே இல்லவே இல்லை. பெண்ணும் பையனும் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார்கள். இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் சைட்டில் எல்லோருக்கும் பாய் டீ சொன்னார். பூச்சு மேஸ்திரி வெட்கப்பட்டுக்கொண்டு தூரத்தில் நின்றார். பாய் முதல் கிளாஸை அவரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"குடிய்யா. கல்யாணத் தரகருக்கே டீ இல்லன்னா எப்படி?"

"இனிமே மேல குரல் குடுத்துட்டுத்தான் கட்டைல கை வெப்பேன் பாய்" என்றார் மேஸ்திரி. மேடம் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு குரல் குடுங்க" என்றார்.