நீளம் சரி, சங்கிலி தப்பு

பண்டாரவளை மர்ஸூக் முதலாளி ஹார்ட்வெயார் கடை போடுவதற்கு முன் தேர்த் திருவிழாக்களில் கவரிங் நகை விற்றவர். எழுபதுகளில் தோட்டங்களுக்கு மரம் அரியும் மெசின்கள் வந்தபோது, அவற்றுக்கான சங்கிலிகளையும் தயங்காமல் வாங்கிப் போட்டார். சங்கிலி என்றால் சங்கிலிதானே! ஆட்கள் கொண்டுவரும் பழையதையும் கடையிலுள்ள புதியதையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுவார். கீழ்நுனி சமமாக நின்றால் வியாபாரம் முடிந்தது.

மெசின் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொள்வதில்லை என்பதை அவருக்கு யார் சொல்வது? ரிவெட்டுக்கு ரிவெட் உள்ள தூரம் பல்சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும். அலகின் காடிக்குள் ஓடும் நாக்குகளின் தடிப்பு சரியாக இருக்க வேண்டும். பிறகு நாக்குகளின் எண்ணிக்கை. இவை அமைந்தால் நீளம் தானாக வந்துவிடும். சொன்னால் மனுஷனுக்குக் கோபம்தான் வரும்.

நமுனுகுலத் தோட்டத்தில் மெசின் பிடிக்கும் வீரசிங்கம் அறுந்த சங்கிலியோடு வந்தார். தோட்டத்துச் சாமான் மர்ஸூக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்பது துரை வைத்த சட்டம். வீரசிங்கம் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்கு மேலே ஒரு பெரிய வாகை மரம் வேர் கிளம்பிச் சாய்ந்து நின்றது. உள்ளே அவர் மனைவி பெரியாயி பச்சைப்பிள்ளையோடு கிடந்தாள். லயத்தில் வேறு காம்பரா காலி இல்லை. கோடாலி போட்டால் அந்த அதிர்விலேயே மரம் கூரைமேல் வந்துவிடும்.

முதலில் கொடுத்த சங்கிலி பல்சக்கரத்தில் உட்காரவில்லை. மாற்றிக் கொடுத்தது காடிக்குள் இறங்கவில்லை.

“சங்கிலியில ஒரு பிழையும் இல்ல. ஒங்கட மெசின்லதான் கோளாறு” என்றார் மர்ஸூக். அதை நிரூபிக்க மூன்றாவது சங்கிலியோடு பஸ் ஏறித் தோட்டத்துக்கே வந்துவிட்டார். அப்படி ஒரு ரோஷம்.

வீடு தேடி வந்த முதலாளியை நிற்கவைக்கலாமா? காம்பராவின் முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் பெஞ்சு போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். காற்று எழுந்தது. தலைக்கு மேலே மரம் கறகறவென்றது.

“இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டார் மர்ஸூக்.

“நீங்க ஒக்காந்திருக்கிற பக்கந்தாங்க” என்றார் வீரசிங்கம்.

தேத்தண்ணி பாதியில் நின்றது. மர்ஸூக் வாசலில் மண்டியிட்டு, பழைய சங்கிலியையும் புதியதையும் தரையில் கிடத்தி, ரிவெட் ரிவெட்டாக விரல் வைத்துப் பார்த்தார். நாக்கைக் காடிக்குள் விட்டும் பார்த்தார். நாக்கு இறங்கியது, ரிவெட் தூரம்தான் மறுபடியும் பிசகியிருந்தது. இத்தனை வருஷம் சங்கிலி விற்றவர் அன்றுதான் சங்கிலியைப் பார்த்தார்.

“இதுவும் போகாது” என்றார்.

அன்றே மெசினையும் பழைய சங்கிலியையும் தூக்கிக்கொண்டு, சண்டையாகி முகம் பார்க்காமல் இருந்த இன்னொரு ஹார்ட்வெயார் முதலாளி ஷுக்ரியின் கடைப்படி ஏறினார். “எனக்கு வெளங்குதில்ல. நீங்க பாத்துத் தாங்க” என்று கேட்டாராம். அதைக் கேட்டவர்கள் காதையே நம்பவில்லை. ஷுக்ரி கொடுத்த சங்கிலி சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது.

மறுநாள் வாகை மரம் கயிற்றின் இழுப்புக்கு இணங்கித் தேயிலைப் பக்கமாக விழுந்தது. எல்லோருக்கும் மேலாக மர்ஸூக்கின் “அல்ஹம்துலில்லாஹ்” கேட்டது. பெரியாயி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“மொத நாளே வந்து எங்க இஸ்தோப்புல ஒக்காந்திருக்கலாங்களே, மொதலாளி” என்றாள்.