இடுப்புப் பழம்

அம்மாவின் இடது இடுப்பு என்னுடைய இடம். பள்ளிக்கூடம் சேரும் வயது நெருங்கியும் நான் அதை விட்டுக்கொடுக்கவில்லை. பாச்சாங் பசாருக்குப் போனால் மீன் கூடை அம்மாவின் வலது கையில், நான் இடது இடுப்பில். "எருமைக்கன்னு மாதிரி வளந்துட்டா, இன்னும் என்ன தூக்கிட்டுத் திரியிற" என்று அப்பா சொல்லாத நாள் கிடையாது. யார் காதில் வாங்கினார்கள்?

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அப்போது புலாவ் செபாங்கில் தனியாக இருந்தார். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. ரயில் போனால் ஜன்னல் அதிரும். அவருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கே போனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு அம்மாவும் மாமாவும் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மா திரும்பி வந்த அன்று நான் வாசலுக்கு ஓடிக் கைகளை நீட்டினேன். தூக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு அம்மா பாரம் தூக்கக்கூடாதுடி" என்றாள். நான் ஒரு பாரம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விளக்கம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தையிடமிருந்து, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவரிடமிருந்து, கிடைத்தது. அம்மாவைப் பார்க்கக் கஞ்சியோடு வந்தவர் என் தலையைத் தடவி, உன் அம்மாவுக்கு நல்ல மனசு, தம்பிக்குப் 'புவா பிங்காங்' கொடுத்துவிட்டாள் என்று மலாயில் சொன்னார். மலாயில் கிட்னிக்கு அதுதான் பெயர். ஆனால் எனக்குத் தெரிந்த மலாயில் புவா என்றால் பழம், பிங்காங் என்றால் இடுப்பு. புவா டுரியான் உண்டு, புவா ரம்புத்தான் உண்டு, அதுபோல இது இடுப்புப் பழம். அத்தனை நாளும் நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பறித்து மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள். தழும்பும் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது, வேறு என்ன சாட்சி வேண்டும்?

நல்லவேளையாக, பழம் என்றால் மறுபடியும் காய்க்கும். தண்ணீர் ஒழுங்காகக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தது வேறு என் கணக்குக்குப் பொருந்திவந்தது. தண்ணீர் ஊற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குவளையும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தேன். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பாள்.

சில மாதங்களில் அவள் செங் என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிவிட்டாள். நடந்தாள், துவைத்தாள், அப்பாவோடு சண்டையும் போட்டாள். இனிமேல் எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மாமாதான் விடவில்லை, அவர் மனசு கஷ்டப்படும் என்று அம்மாவும் என்னைத் தூக்காமலே இருந்தாள். உடம்பு தேறி வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருபவர், வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, தண்ணி குடிச்சியா?" அம்மா வாளியைத் தொட்டால் ஓடிவந்து பிடுங்குவார். நான் கையை நீட்டினால், "அம்மாவ விடுலா, மாமா தூக்குறேன் வா" என்பார். எனக்கு மாமா இடுப்பு வேண்டாம். தொழிற்சாலைச் சோப்பும் முகப்பவுடரும் கலந்து மணக்கும் அந்தத் தோள் வேண்டும். பசாரில் அம்மாவின் கையைப் பிடித்து நடக்கும்போது ஊரார் முழங்கால்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏங்கிப் போனேன்.

ரம்புத்தான் சீசன் வந்தது. மாமா வீட்டு மரம் சிவந்து கிடந்தது. எங்களை வரச்சொல்லி, கொக்கி கட்டிய கழியால் கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, அம்மாவோட பழத்தக் குடுங்க."

"எந்தப் பழம்டா கண்ணு?"

"புவா பிங்காங். அம்மாவுக்கு இன்னும் காய்க்கவே இல்ல. அது இல்லாம அம்மா என்னத் தூக்க மாட்டாங்க."

அப்பா வெடித்துச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. கழியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புள்ள கேக்குறது நியாயந்தானக்கா. நல்லா இருந்த உன்ன நான்தான் இப்படி ஆக்கிட்டேன்" என்றார்.

அம்மா உரித்துக்கொண்டிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "வாடி" என்று என்னை அலாக்காகத் தூக்கி இடது இடுப்பில் வைத்தாள். "அக்கா, வேணாம்" என்று மாமா பதறினார். அவள் கேட்கவில்லை. என்னைச் சுமந்துகொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"நல்லா பாருடா தம்பி. எனக்கு என்ன கொறச்சல்? ஒண்ணு போதும்லா மனுசனுக்கு."

அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நகரவே இல்லை. மாமா பார்த்தார். சட்டைக்கு மேல் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை. தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பழம் காய்த்துவிட்டது, அவ்வளவுதான்.

மாமா பிறகு கல்யாணம் செய்தார், பிள்ளைகளைப் பெற்றார், வெகு வருடம் வாழ்ந்து மாரடைப்பில் போனார். அம்மா இன்றும் காலையில் பாச்சாங் திடலில் எனக்கு முன்னால் நடக்கிறாள். வருடாவருடம் ரத்தம், சிறுநீர், பிரஷர் பார்ப்பதோடு சரி. ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம் பெரிதாகி இரண்டின் வேலையையும் பார்க்கும் என்று போனமுறை அவளுடைய டாக்டர் சொன்னார். ஆக, நான் முழுக்கத் தப்பாகவும் நினைத்துவிடவில்லை. தண்ணி குடிச்சியா என்று இப்போது நான்தான் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரு கணம் வாசலைப் பார்க்கிறாள்.

அன்றைக்கு அம்மா என்னைத் தூக்கியது எனக்காகத்தான் என்று நினைத்தேன். அந்த மரத்தடியில் ஏங்கி நின்றது நான் ஒருத்திதான் என்றும் நினைத்தேன்.