யாரும் பார்க்காத மே மாசப் பூ

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் தங்கை அமெரிக்காவிலிருந்து டிரில்லியம் படமாக அனுப்பித் தள்ளுவாள். மூன்று இலை, மூன்று இதழ், வெள்ளை வெளேரென்று ஒரு பூ. அவள் வீட்டுக்குப் பின்னால் மரத்தடி நிழலில், பனி உருகியதும் மண்ணைத் துளைத்துக்கொண்டு வருமாம். வெயில் ஏறுவதற்குள் பூத்து முடித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுமாம். எனக்கும் ஒன்று வளர்க்க ஆசைதான். மயிலாப்பூரில் பனிக்கு எங்கே போவது? "உன்கிட்டதான் மே மாசப் பூ இருக்கே, அப்புறம் என்ன பொறாமை?" என்பாள்.

இருக்கிறது. நர்சரிக்காரர்கள் அதை ஃபுட்பால் லில்லி என்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் இலையெல்லாம் காய்ந்து, அங்கே ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். கத்திரி வெயில் ஆரம்பிக்கிற சமயம் மொட்டை மண்ணிலிருந்து ஒரு தண்டு மட்டும் எழும்பும். அதன் தலையில் சிவப்பாக, கைக்கு அடங்காத உருண்டையாகப் பூ. இலை அதற்குப் பிறகுதான்.

எங்கள் பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டியபோது மூலையிலிருந்த மாமரத்தைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கிரகப்பிரவேசம் முடிந்து வந்த முதல் மே மாதம், மரத்தடியில் கட்டட ரப்பிஷைத் தள்ளிக்கொண்டு பழைய வீட்டுக் கிழங்கின் தண்டுகள் இரண்டு மூன்று எழும்பி நின்றன. தரைத்தளத்து ஜன்னலில் நின்றுகொண்டு நான் அழுதேன். அன்றைக்குத்தான் இந்த ஃப்ளாட் என் வீடு என்று தோன்றியது.

இந்த வருஷம் மார்ச் மாத அசோசியேஷன் மீட்டிங்கில், அந்த இடத்துக்கு டைல்ஸ் போட்டு டூ-வீலர் பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்றார் செக்ரட்டரி. முதல் மாடிக்காரர். தி. நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நல்ல மனிதர், ஆனால் காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

"அங்கே செடி இருக்கு," என்றேன்.

"எங்க இருக்குக்கா? வெறும் மண்ணுல்லா கெடக்கு."

"மே மாசம் பூக்கும்."

"நானும் இத்தன வருசமா இங்கதான் இருக்கேன். ஒரு நாளாவது பாத்ததில்லையே!"

எப்படிப் பார்ப்பார்? மே பிறந்தால் எங்கள் கட்டடமே காலியாகிவிடும். அவர் குடும்பத்தோடு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டாம் மாடி மாமி பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போவாள். மற்றவர்கள் ஊட்டி, கொடைக்கானல். போன வருஷத்துப் போட்டோவைக் காட்டினேன். கூகுளில் எடுத்ததா என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில், மே மாதம் பூ வந்தால் மண், வராவிட்டால் டைல்ஸ் என்று முடிவானது. யாராவது நேரில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். என் கண் கணக்கில் சேராதாம்.

மாமிக்கு என்மேல் இரக்கம். சொல்லாமல் கொள்ளாமல் தன் ஏசி தண்ணீர்க் குழாயை நீட்டி அந்த மண்ணில் விட்டுவிட்டாள். நான் கவனித்தபோது மரத்தடி சேறாகிக் கிடந்தது. தூங்குகிற கிழங்கு ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"நன்னாயிருக்கே! ஆத்துல ஏசி ஓடிண்டே இருக்கு, தண்ணி வீணாப் போறதேன்னு விட்டேன். பூத்துட்டா உங்களுக்கு நல்லதுதானே?"

அந்த முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கத்த முடியவில்லை. குழாயைத் திருப்பிவிட்டேன். தோண்டிப் பார்க்கக் கை துடித்தது. தோண்டினால் இருக்கிற முளையும் முறிந்துபோகும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை, எனக்கோ அது மட்டும் வரவே வராது. இட்லியை அடுப்பில் வைத்துவிட்டு நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான்.

கத்திரி தொடங்கியது. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மண் காய்ந்து வெடித்தது, எதுவும் வரவில்லை. போன வருஷம் பூத்த நாளும் தாண்டிப் போனது. தங்கைக்கு போன் செய்து, எல்லாம் போச்சு என்று அழாத குறையாகச் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் நல்ல கோடை மழை. அதற்குச் சில நாள் கழித்துப் பார்க்கிறேன், மரத்தடியில் இல்லை, தள்ளி, செக்ரட்டரியின் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு முளை தலைநீட்டியிருக்கிறது. ரப்பிஷோடு ரப்பிஷாக அங்கே எப்போது போய் விழுந்ததோ, ஏசி தண்ணீர் எட்டாத இடத்தில் பிழைத்துக் கிடந்திருக்கிறது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

பூ விரிந்தது, ஒன்றே ஒன்று. ஒன்றுக்கு மேல் வேண்டும் என்று மீட்டிங்கில் யாரும் சொல்லவில்லையே! ஆனால் வந்து பார்க்கத்தான் ஆளில்லை. மாமி ஜூனில்தான் வருவாளாம். செக்ரட்டரி போனை எடுக்கவே இல்லை. பூவின் அடிப்பக்கம் நிறம் மங்க ஆரம்பித்தது. தினமும் கேட்டைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன்.

ஒரு விடியற்காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ள செக்ரட்டரி மட்டும் வந்திருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் அவர் பையைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"எக்கா, இதுவா?"

"இதுதான்."

தொடப் போன விரலை இழுத்துக்கொண்டார். மொபைலில் மனைவியைக் கூப்பிட்டு, "ஏட்டி, இங்க பாரு, நம்ம வண்டிப் பக்கத்துல," என்று பூவைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பிறகு எழுந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டை எடுத்தார்.

"இந்தக் கெழங்கு எதுவரைக்கும் கெடக்குக்கா? சொல்லுங்க, வண்டியத் தள்ளி வச்சுக்கிடுதேன்."

எதுவரைக்கும் என்று எனக்கே தெரியாது. கேட் வரைக்கும் கையைக் காட்டினேன்.