அப்பாவின் காதும் இசைப்பிரியாவின் குரலும்

என் அப்பா தெய்வசிகாமணி போன தை மாதம் காலமானார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் பிறர் வயலில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் அவருடையது. அதில் முதலில் சுரங்க வேலைக்கு வந்தவர் அவர்தான். கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனன்ட் ஆகி, ஓய்வு பெறும்வரை கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே நின்றார். பெல்ட் சத்தமோ வயதோ, ஐம்பதைத் தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். “உள்ள விசிலடிக்குது” என்று கழற்றி பீரோவில் வைத்தவர், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அம்மா இறந்தபின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தார். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவோம். என் மகள் இசைப்பிரியாவுக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது எல்லாம் அப்பாதான். தாத்தாவும் பேத்தியும் பேசினால் தெருவே கேட்கும். “என்னங்க சண்டையா?” என்று சைக்கிளை நிறுத்தி விசாரித்தவர்கள் உண்டு. இவளுக்குப் போய் இந்தப் பெயரை வைத்தோமே என்று நானே கிண்டல் செய்வேன்.

அவளுக்கு வந்த முதல் வரன் அந்தக் குரலால்தான் தட்டிப்போனது. பெண் ரொம்ப அதட்டிப் பேசுகிறாள் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிச் சமாளித்தோம்.

அடுத்து வடலூரிலிருந்து மாப்பிள்ளை தமிழ்மாறனும் அவன் வீட்டாரும் பெண் பார்க்க வந்தார்கள். இதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். “மாமாவ பக்கத்து வீட்டுல உக்கார வைக்கலாமா?” என்று வீட்டுக்காரர் இழுத்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். மகளைத்தான் குரலே எழும்பக் கூடாது என்று மிரட்டி வைத்தேன்.

அவளும் சொன்னபடியே காபி கொடுத்தாள், கேட்டதற்கு முணுமுணுவென்று பதில் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தால் தானும் சிரித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

திடீரென்று எழுந்து கை கூப்பினார். மெதுவாகப் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. வீடே அதிர்ந்தது.

“தப்பா நெனச்சிக்காதீங்க. முன்ன வந்தவங்க, பொண்ணுக்குக் கொரலு பெருசுன்னு வேணாம்னுட்டாங்க. இவங்க எங்கிட்ட ஜாதகம்னு மறைச்சாங்க, தரகரு சொல்லிட்டாரு. எனக்குக் கேக்கணும்னு சின்னதுலேர்ந்து கத்திக்கினே வளந்த புள்ளைங்க அது. அது அவ கொரலு இல்லீங்க, என் காது.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தமிழ்மாறன் எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில் குனிந்தான்.

“எனக்குச் சம்மதங்க தாத்தா.”

“என்னா?” என்றார் அப்பா.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த இசைப்பிரியா முழுக் குரலில் கத்தினாள்:

“அந்தக் காது இல்ல, எடது காதுல சொல்லுங்க! இன்னும் சத்தமா!”