பத்தியம் இல்லாத மாத்திரை

என் அப்பாவுக்குப் புளி இல்லாமல் சோறு இறங்காது. ராசிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது. நாள் முழுக்கத் தறிக்கயிற்றை இழுத்து இழுத்து ஆண்கள் எல்லாருக்கும் வலது தோளில் வலியும் இருந்தது. மற்றவர்கள் சேந்தமங்கலத்து வைத்தியரிடம் சூரணம் வாங்கி, ஒரு மண்டலம் புளியைத் தொடாமல் பத்தியம் காத்தார்கள். அப்பாவோ மூன்றாம் நாளே ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, வைத்தியருக்குக் கைராசி போதாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் நூல் வியாபாரம் செய்த என் தாய்மாமன் ஒரு சீசா நிறைய வெள்ளை மாத்திரைகள் கொண்டுவந்தார். இங்கிலீஷ் வைத்தியத்தைப் பற்றி டாக்டர்களைவிட உறுதியாகப் பேசக்கூடியவர் அவர். "இதுக்குப் பத்தியமே கெடையாதுங்க மச்சான். என்ன வேணாலும் சாப்புடுங்க" என்றார். அப்பாவுக்கு வலி அப்போதே பாதி போய்விட்டது.

சூரணத்தைத் தேனில் குழைத்துத்தானே தின்கிறோம், மாத்திரைக்கும் துணையாக ஏதாவது வேண்டாமா என்று யோசித்து, புளிப்பானகம் என்று அவரே முடிவு செய்தார். அம்மாவுக்குத் தெரிந்தால் விடமாட்டாள். அவள் விடியற்காலையில் தண்ணீருக்குப் போனதும், எட்டு வயதுப் பெண்ணான நான் புளியும் கருப்பட்டியும் கரைத்துக் கொடுப்பேன். வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரையைப் போட்டு, ஒரு சொம்புப் பானகத்தையும் குடித்துவிட்டு, "உன் கைப் பக்குவத்துலதான் சாமி வலியே போவுது" என்று என்னைக் கொஞ்சுவார். அண்ணனுக்குக் கிடைக்காத பட்டம் அது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சில வாரங்களில் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய ஆரம்பித்தார். முகம் வெளுத்துப்போயிற்று. பக்குவம் குறைந்துவிட்டதோ என்று கவலைப்பட்டு, நான் இன்னும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளி சேர்த்துக் கரைத்தேன்.

ஒருநாள் காலை கறுப்பாக வாந்தியெடுத்து அப்படியே சாய்ந்துவிட்டார். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைப்பாரா என்று இரண்டு நாள் தெரியவில்லை. அம்மா தாலியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவர் கண்விழித்ததும் டாக்டர் விசாரித்தார். வெறும் வயிற்றில் மாத்திரையோடு புளிப்பானகம் குடித்ததை அப்பா ஒப்புக்கொண்டார். மாத்திரையையும் புளியையும் வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டதில் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது, சோறு தின்றபின் தண்ணீரோடு விழுங்க வேண்டிய மாத்திரை அது என்றார். அம்மா நிமிர்ந்தாள். புளியைக் கரைத்துக் கொடுத்தது யார் என்று அவள் கேட்ட குரலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆரு குடுப்பாங்க? நானேதான் கரைச்சுக் குடிச்சேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பிழைத்த சந்தோஷத்தில் குழந்தை அழுகிறது என்று எல்லாரும் தேற்றினார்கள். நானோ, அத்தனை நாள் என் கைப் பக்குவம் என்று புகழ்ந்துவிட்டு, பெரிய டாக்டருக்கு முன்னால் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாரே என்ற ஆத்திரத்தில் அழுதேன். வீடு திரும்பியும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் ஒருநாளும் என்னிடம் அதை விளக்கவும் இல்லை.