உப்பில்லாத சம்பல்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்குக் கிட்னி பழுதாகிவிட்டது. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உப்பை நிறுத்தச் சொன்னார் டொக்டர். மாசி என்கிற காய்ந்த சூரைமீன், கருவாடு, அச்சாறு, போத்தலில் வருகிற சோஸ் ஒன்றும் ஆகாது. தேசிக்காய் புழியலாம், உள்ளியும் பச்சைமிளகாயும் போடலாம் என்றார்.

அவள் சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிறந்தவள். மாசி இடித்துப் போட்ட சம்பல் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டாள். அவளுக்கு அடுப்படியில் நிற்க ஏலாமல் போனதும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த நான் சமைக்கத் தொடங்கினேன்.

கல்முனையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். தக்காளி சோஸ், மிளகாய் சோஸ், கறுத்த சோயா சோஸ் என்று ஒவ்வொரு போத்தலாகத் தூக்கிப் பார்த்தேன். எதில் எவ்வளவு உப்பென்று ஒரு லேபலிலும் இல்லை.

"உப்பில்லாத சோஸ் இரிக்கா?"

கடைக்காரர் சிரித்தார். "உப்பில்லாட்டிப் பழுதாப் பெயித்திரும் சேர். ஆருக்கு?"

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. புளிப்புக்கு ஒரு வினாகிரிப் போத்தலை மட்டும் சுற்றித் தந்தார்.

உள்ளியையும் பச்சைமிளகாயையும் அரைத்து, வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் விட்டுச் சம்பல் மாதிரி ஒன்று செய்தேன். ஒருநாள் உறைப்புக் கூடும், மறுநாள் சப்பென்று இருக்கும். என்ன வைத்தாலும் "நல்லாரிக்கி" என்பாள். சோத்துக் கோப்பையில் பாதி அப்படியே கிடக்கும். அவளுக்கு மணக்கும்படி உப்புப் போட்டு வேறு கறி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் பிள்ளைகளும் அதையே தின்றோம்.

வீக்கம் முகத்துக்கு ஏறியது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனிப் பத்தியம் தேவையில்ல. விரும்பினதக் குடுங்க" என்றார்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "டொக்டர் என்ன சொன்னார்?"

"விரும்பினதத் தின்னலாமாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அப்ப இனிச் சரிவராதாம், என்ன?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளயளுக்கு இப்ப சொல்லாதீங்க" என்றாள்.

அடுத்தநாள் மாசி போட்டு, உப்பும் போட்டுச் சம்பல் இடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவள் துப்பிவிட்டாள்.

"இரும்ப நக்கின மாதிரி இரிக்கி. கன நாளா எல்லாமே இப்பிடித்தான்."

"நான் அரைச்சதும்?"

"ஓம். நீங்க பாடுபட்டுச் செய்றீங்க, அதான் சொல்லல்ல."

அந்த மாரிகாலத்திலேயே அவள் மௌத்தானாள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அவள் தங்கச்சி, என் மச்சி, தன் வீட்டிலிருந்து சோறும் மீனாணமும் கொண்டுவந்தாள். சின்ன மகள் ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வாப்பா, உப்புக் கூடிப்போச்சு."

நானும் ருசி பார்த்தேன். எனக்கும் கரித்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வழக்கம்போலப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்கள். மகளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன்.