சாம்பல் என்று சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ஹூக்ளி நதியின் புதுப் பாலத்தில் மூன்றாம் முறையாக ஏறிக்கொண்டிருந்தபோது, நான் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். எனக்குப் பதினோரு வயது. இன்று என் மகள் பள்ளியிலிருந்து வந்து எதைச் சொன்னாலும் இரண்டு தரம் கேட்டுக்கொள்கிறேன் என்றால், அந்தக் காலைதான் காரணம்.

அப்பா கம்பெனி வேலையை விட்டு, கல்கத்தாவின் பெஹாலாவில் வண்டிகளின் டீசல் பம்பைச் சரிசெய்யும் பட்டறை வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முதல் பெரிய வேலையாக வந்தது ஒரு டாக்டரின் ஜீப். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருப்பவர். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஆனால் நோயாளியை ஏற்றினால் மேட்டில் திணறுகிறது, இழுவையைக் கூட்ட வேண்டும் என்றார். திங்கட்கிழமை அவர் கிளம்ப வேண்டும்.

"இது சரியா வந்துட்டா தோட்டத்து வண்டியெல்லாம் நம்மகிட்டதான். இல்லேன்னா மறுபடி கம்பெனி வாசல்ல போய் நிக்கணும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது.

டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும், பம்ப் டீசலைத் தரும். காற்றின் அழுத்தத்தை அப்பா பட்டறையிலேயே கொஞ்சம் கூட்டிவிட்டார். டீசலைக் கூட்டுவது மட்டும் பாலத்தடியில். பம்பின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புவார், மேலே ஏறிப் பார்ப்பார், இறங்கி வந்து மறுபடி திருப்புவார். பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து புகையின் நிறத்தைச் சொல்வது என் வேலை. சாம்பல் என்றால் இன்னும் கொடுக்கலாம். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சி டீசல் போகிறது, எஞ்சின் சூடேறும். உடனே காலை எடுத்துவிடுவார். மற்ற மிஸ்திரிகள் காதை வைத்து வேலை செய்கிறார்கள், என் அப்பா என் கண்ணை வைத்துச் செய்கிறார் என்று வகுப்பெல்லாம் பீற்றியிருந்தேன்.

மூன்றாம் ஏற்றத்தில் ஒரு வெள்ளைக் கார் எங்களை முந்தப் பார்த்தது. அப்பா மிதித்தார். ஜீப் பாய்ந்தது. பின்னால் தாரைக் கரைத்து ஊற்றியதுபோல் புகை, அதற்குள் அந்தக் கார் காணாமலே போயிற்று. கறுப்பு என்றால் அப்பா காலை எடுத்துவிடுவார், கார் முந்திவிடும்.

"என்ன கலர்டீ?"

"சாம்பல்ப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"சாம்பல்தான்ப்பா! மிதிங்கப்பா!"

மிதித்தார். பாலத்தின் உச்சியில் இழுவை செத்தது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால், டர்போ அடுப்புத் தணல்போல் சிவந்திருந்தது. எஞ்சினை மட்டும் அவர் அணைக்கவில்லை. போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"பந்த் கொரோ! நிறுத்து! பாலம் என்ன உன் மாமனார் வீடா?"

"இப்ப நிறுத்தினா எண்ணெய் ஓட்டம் நின்னு டர்போ கருகிடும், தாதா. ரெண்டே நிமிஷம்" என்று அப்பா தன் ஓட்டை வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார்.

அந்த இரண்டு நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள உக்காரு. வண்டியெல்லாம் வருது" என்றார்.

ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கியதும் பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் செய்தார். ஜீப் இப்போது நீலமாகப் புகைத்தது, டர்போ கசிந்து எண்ணெயும் எரிகிறது என்று அர்த்தம். டீசலில் கலப்படம் என்று சொல்லியிருக்கலாம். கல்கத்தாவில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

டாக்டர் டாக்சியில் வந்து இறங்கியதும் அப்பா சொன்னது இதுதான்:

"திருப்பினது என் கை, டாக்டர்பாபு. டர்போவப் பிரிக்கணும். நாளைக்கு நீங்க போக முடியாது."

அவ்வளவுதான். 'ஆனால்' என்று ஒரு சொல் இல்லை, என் பெயரும் இல்லை. அப்படிப் பேசிய இன்னொருவரை இந்த வயதுவரை நான் சந்திக்கவில்லை.

டாக்டர் பின்கதவில் அப்பியிருந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கதவின் கண்ணாடி வழியாக, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், வெகுநேரம்.

"ஒரு வாரம் கழிச்சுப் போறேன். நீங்களே சரி பண்ணுங்க, மிஸ்திரி மோஷாய்" என்றார். "ஆனா அடுத்த தடவை பின்சீட்டில நான்தான் உட்காருவேன்."

பெஹாலா வரும்வரை அழுதேன். வேலை அப்பாவிடமே தங்கியது காதில் ஏறவில்லை, என் இடம் போயிற்று என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டிருந்தது.